கயிறு அவிழ்த்த பிறகுதான் குடிக்கலாம்

சென்ற மாதம் மீரா தொலைபேசியில் அழைத்தாள். மீரா இங்கே ரொறன்ரோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மாகாணத்தின் மதுபான உரிமப் பிரிவில் பரிசோதகராகச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அதே கதிரையில் இருபத்தாறு வருடம் இருந்து எழும்பியவள் நான் என்பதால், ஏதாவது சிக்கல் வந்தால் எனக்கு ஃபோன் அடிப்பாள்.

"அன்ரி, லேக் பக்கத்து போட் ஃபைல் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் எண்டு சொல்லிச்சினம். சிற்றி திரும்பக் கேக்குது. படகிலை பார் எத்தினை மணிக்குத் திறக்கிறது, எப்ப மூடுறது எண்டதைத் தாங்களே டிசைட் பண்ண வேணுமாம். லோக்கல் கன்ட்ரோல். நான் ஒரு மெமோ எழுத வேணும். ஜஸ்ற் கொஞ்சம் பாக்ரவுண்ட் சொல்லுங்கோவன்."

இரண்டு பக்கத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே எழுதுவதை நிறுத்தினேன். கோபம். பத்து வருடப் பழைய கோபம் இன்னும் சூடு ஆறாமல் கிடக்கிறது என்பது எனக்கே புதினமாக இருந்தது. ஆகவே இது மெமோ அல்ல. மீராவுக்கு வேண்டியதை அவள் இதிலிருந்து பொறுக்கிக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கு எதிரி அல்ல. போன கோடையில் ஏரிக்கரைப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு குடும்பம் புல்லில் விரிப்புப் போட்டு, வைன் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. சில பூங்காக்களில் இப்போது அப்படிக் குடிக்கலாம். நகரசபையே விதி எழுதி அனுமதித்திருக்கிறது. நல்லது, குடிக்கட்டும். ஆனால் அந்த இடத்திலிருந்து பார்த்தால் படகுகளைக் கட்டிவைக்கும் மேடை தெரிகிறது. அதே நகரத்தின் சபை உறுப்பினர் ஒருவர்தான் அந்த மேடையைக் காட்டி, படகின் கயிறு அவிழ்க்கும்வரை ஒரு துளியும் ஊற்றக்கூடாது என்று எங்கள் அலுவலகத்தை மடக்கி எழுத வைத்தவர். எனக்கு அன்றைக்கு இரத்த அழுத்தக் குளிசை இரண்டு தேவைப்பட்டது.

படகில் மது விற்பதென்பது இந்த நாட்டில் ஒரு பெரிய கூத்து. படகும் அது மிதக்கும் தண்ணீரும் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் சட்டத்துக்குள். போத்தல் மாகாணத்தின் சட்டத்துக்குள். படகைக் கட்டும் மேடையும் பக்கத்திலுள்ள கார் தரிப்பிடமும் நகரத்தினுடையவை. ஒரு ஆள் தன் காரை விட்டிறங்கி, மேடையில் நடந்து, படகில் ஏறி, ஒரு கிளாஸ் வாங்குவதற்குள் மூன்று அரசாங்கங்களைத் தாண்டிவிடுவார். ஏதாவது பிழைத்தால் மூன்றும் ஒன்றையொன்று நோக்கி விரல் நீட்டும். நடுவில் நிற்கிற ஆள்தான் அகப்படுவார்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அஜின்கோர்ட்டில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் பெட்டி மடித்தேன். பிறகு மாலை வகுப்பு. பிறகு உரிமப் பிரிவின் கோப்பறையில் தற்காலிக வேலை. கோப்புகளை அடுக்கும்போதே வாசித்துவிடுகிற பழக்கம் எனக்கு. பரிசோதகர் வேலைக்கு உள்ளுக்குள் ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தேன், கிடைத்தது. எங்கள் பிரிவில் சேலை கட்டத் தெரிந்த ஒரே பரிசோதகர் நான்தான். சொந்தக்காரர்கள் என்னைச் 'சாராயக் கடைக்குக் காவல்காரி' என்று பகிடி பண்ணுவார்கள். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், நான் உள்ளே நுழைந்ததும் மேசையில் இருந்த போத்தல் மேசைக்குக் கீழே போய்விடும். நானும் காணாத மாதிரி இருந்துகொள்வேன். கடமை நேரத்தில் கண் திறப்பது, மற்ற நேரத்தில் கண் மூடுவது. அப்படி ஒரு சட்டத்தை எனக்கு நானே போட்டு வைத்திருந்தேன். அதைப் பெரிய கெட்டித்தனம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகைப் பரிசோதிப்பது கடையைப் பரிசோதிப்பது போல இல்லை. ஆட்கள் ஏறும் பலகைக்குப் பக்கத்தில் கையில் எண்ணும் கருவியோடு நிற்க வேண்டும். கப்பல் சான்றிதழில் ஒரு எண்ணிக்கை இருக்கும், மது உரிமத்தில் இன்னொன்று. எது குறைவோ அதுதான் சட்டம். பிறகு பார். ஒவ்வொரு போத்தலும் அந்த உரிமத்தின் பெயரில் வாங்கியதா, அளக்கிற கிண்ணம் சரியானதா, சாப்பாடு இருக்கிறதா, பரிமாறுகிறவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் கடதாசி வேலை. உண்மையான வேலை முகம் பார்ப்பது. குடித்து வெறித்தவருக்கு மேலும் ஊற்றுவதுதான் எங்கள் சட்டத்தில் பெரிய குற்றம். தரையில் ஒருவர் நடக்கும் நடையில் வெறி தெரிந்துவிடும். படகில் எல்லாரும்தான் ஆடுகிறார்கள். ஆகவே அங்கே நடையைப் பார்த்துப் பிரயோசனமில்லை, கையைப் பார்க்க வேண்டும். வெறித்தவர் கிளாஸை மேசையில் வைக்கும்போது அது மேசையில் முட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தெளிந்தவர் பேசிக்கொண்டே வைத்துவிடுவார். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நின்று நின்று நானே கண்டது.

என் மேலதிகாரி வோல்ற்றர். குரல் உயர்த்தாத மனிதர். கோட்டைக் கழற்றி ஒரே கொளுக்கியில், ஒரே பக்கம் பார்க்க மாட்டுவார். யாருடைய அறிக்கையிலும் ஒரு சொல்லைக்கூடத் தானாக வெட்டமாட்டார். பிடிக்காத பந்திக்குப் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து, "இதை இன்னொருமுறை யோசியுங்கள்" என்று புன்னகையோடு திருப்பித் தருவார். நாங்கள் யோசித்து, நாங்களே வெட்டி, நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். பென்சில் கோட்டை அழித்துவிட்டால் அவர் அந்தக் கடதாசியைத் தொட்டதற்கே அடையாளம் இராது. இருபது வருடம் இதை நல்ல குணம் என்று நம்பினேன். எவ்வளவு மடைச்சி நான்!

மேடைக்கு முன்னால் புதிய அடுக்குமாடிகள் எழும்பியபோதுதான் தொல்லை தொடங்கியது. கோடையில் படகுகள் புறப்படுமுன் ஒரு மணிநேரம் பாரைத் திறந்து வைப்பார்கள். ஆட்கள் ஏறி, ஆளுக்கொரு கிளாஸோடு நிற்பார்கள், பாட்டுப் போகும். மாடிக்காரருக்கு அது சத்தம். சபை உறுப்பினர் கூட்டம் வைத்தார், உரிமப் பிரிவின் சார்பில் நான் போனேன். "எங்கள் வாசலில் என்ன நடக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்" என்று உறுப்பினர் மேசையில் தட்டினார். கைதட்டல். ஒருவர் எழும்பி, "அந்த ஆட்களின் பார்ட்டிகள்" என்றார். எந்த ஆட்கள் என்று அவர் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். படகில் ஏறுகிற ஆட்கள் ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

முடிவு என்னவென்றால், அந்த மேடையில் கட்டும் படகுகளின் உரிமத்தில் புதிதாக ஒரு நிபந்தனை. கயிறு அவிழ்த்த பிறகே பார் திறக்கலாம், திரும்பி வந்து கயிறு கட்டுமுன் மூடிவிட வேண்டும். இது குறித்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஒரு பந்தி எழுதினேன். அது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். 'பாரைப் பூட்டினால் குடி நிற்காது. அது கார் தரிப்பிடத்துக்கு நகரும். அங்கே அளவுக் கிண்ணமும் இல்லை, பார்த்து மறுக்க ஒரு ஆளும் இல்லை. ஏற்கெனவே வெறித்தவர்கள் படகில் ஏறுவார்கள்.'

இதை நான் ஏதோ ஞானத்தில் எழுதவில்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் கொண்டாட்டத்துக்கும் இரண்டு மண்டபம். ஒன்று பெண்களும் பிள்ளைகளும் சோறும் இருக்கிற மண்டபம். மற்றது வெளியே, கார் டிக்கி. ஆண்கள் ஒவ்வொருவராக எழும்பி "ஒருக்காக் காரடிக்குப் போட்டு வாறன்" என்று போவார்கள். டிக்கிக்குள் ஐஸ் பெட்டி, விஸ்கிப் போத்தல், பிளாஸ்ரிக் கிளாஸ், மட்டன் றோல்ஸ், மிக்ஸர். பனி கொட்டினாலும் அங்கேதான் நிற்பார்கள். உள்ளே பார் இருந்தாலும் போகமாட்டார்கள். பெரியவர்களுக்கு முன்னால் குடிப்பது மரியாதை இல்லையாம். காரடியில் எல்லாருக்கும் தெரிய, எல்லாருக்கும் தெரியாமல் குடிப்பது மரியாதையாம். மண்டபமென்றால் நாலைந்து தடவை போய்ப்போய் வரலாம், நடந்து வருவதற்குள் கொஞ்சம் இறங்கும். படகு ஓடத் தொடங்கினால் காரடி இல்லை. ஆகவே நாலு மணிநேரத்துக்கு வேண்டியதை ஒரு மணிநேரத்தில் விட்டுக்கொண்டு ஏறுவார்கள். அதைத்தான் எழுதினேன், மரியாதையான ஆங்கிலத்தில், எந்த இனத்தின் பெயரும் சொல்லாமல்.

வோல்ற்றர் அந்தப் பந்திக்குப் பக்கத்தில் கோடு இழுத்தார்.

"மனோ, கார் தரிப்பிடம் நமது உரிமத்துக்குள் வருகிறதா?"

"இல்லை. ஆனால் அங்கே குடித்தவர்கள்தான் நமது உரிமத்துக்குள் வருவார்கள்."

"தரிப்பிடம் நகரத்தினுடையது. நகரம்தானே இந்த நிபந்தனையைக் கேட்கிறது? அவர்கள் அதை யோசித்திருப்பார்கள். இன்னொருமுறை யோசியுங்கள்."

யோசித்தேன். அடுத்த மாதம் எனக்குத் தர உயர்வு நேர்முகம் இருந்தது. பந்தியை என் கையால் எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

நிபந்தனை வந்து இரண்டாவது கோடையில் என் கணவரின் பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் படகுப் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தது. கணவர் ஜெகன் சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டு ஆறு மணிக்குத் திரும்புவது. நான் வோல்ற்றரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்தேன்: நான் மனைவியாகத்தான் போகிறேன், கடமையில் இல்லை. அவர் 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று எழுதினார்.

ஒரு மணிக்கே தரிப்பிடம் நிறைந்துவிட்டது. எங்கள் வான் வண்டியின் டிக்கி திறந்திருந்தது. 'எங்கள்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பப் பார்க்கிறேன். வான் என் பெயரில் பதிந்தது. ஜெகன்தான் ஊற்றிக்கொடுத்துக்கொண்டு நின்றார். சங்கத் தலைவர் சிவபாலன் அண்ணை, கோயில் அறங்காவலரும்கூட, நல்ல உயரமான கம்பீரமான மனிதர், பிளாஸ்ரிக் கிளாஸை விளிம்புவரை நிறைத்து மளமளவென்று குடிப்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கிளாஸ். "கயிறு அவிட்டாப் பிறகு அந்தச் சின்னக் கிண்ணத்தாலை அளந்து தருவாளவை. இப்பவே முடியுங்கோ!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நான் மற்றப் பெண்களோடு படகுப் பக்கம் நடந்தேன்.

பாரில் நின்றவள் தயாளினி. மட்டக்களப்புப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். வோபர்னில் நிலக்கீழ் வீடொன்றில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். வாரநாட்களில் பிறம்ரனில் பொருட்கிடங்கு வேலை, சனி ஞாயிறு படகில் பார். அவள் வேலை செய்த விதத்தை இப்போதும் நான் மெச்சுவேன். சங்கம் ஆளுக்கு இரண்டு மது ரிக்கெற் கொடுத்திருந்தது. ஒவ்வொரு ரிக்கெற்றையும் கிழித்து, பாதியை மேசை எண் எழுதிய பேப்பர் கப்புகளில் தனித்தனியாகப் போட்டுவைப்பாள். எந்த மேசை எவ்வளவு குடித்தது என்று எந்த நேரமும் கையை நீட்டிக் காட்டுவாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒருத்தரை நான் காணவில்லை.

ஆறு மணிக்குப் படகு மேடையை நெருங்கியது. இன்னும் கயிறு கட்டவில்லை, பலகை போடவில்லை. சிவபாலன் அண்ணை பக்கவாட்டுச் சங்கிலியைக் கழற்றி, "நான் முதலிலை இறங்கிக் காட்டுறன் பாருங்கோ" என்று காலை நீட்டினார். படகு அசைந்தது. படகுக்கும் மேடைக்கும் நடுவே விழுந்தார். படகு திரும்ப வந்து மேடையில் இடித்தபோது அவருடைய இடது கால் நடுவில் இருந்தது. அந்தச் சத்தத்தை எழுதமாட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வைத்தியசாலையில் அவருடைய இரத்தத்தில் இருந்த மதுவின் அளவு, ஒரு ஆள் ஏழெட்டுக் கிளாஸ் குடித்த அளவு. படகில் இருந்தது ஒரே ஒரு பார். பாரில் நின்றது ஒரே ஒருத்தி. வேறென்ன வேண்டும்? வெறித்தவருக்கு மேலும் ஊற்றினாள் என்று வழக்கு. படகு முதலாளி தன் உரிமத்தைக் காப்பாற்ற அடுத்த நாளே அவளை நிறுத்திவிட்டார். குற்றம் நிரூபணமானால் அவளுடைய சான்றிதழ் போகும். அது இல்லாமல் இந்த மாகாணத்தில் ஒரு பியரைக்கூடத் திறந்து கொடுக்க முடியாது.

"ஆறாம் மேசைக் கப்பைப் பாருங்க, அவர் ரெண்டு ரிக்கெற்றில ஒண்டுதான் தந்தவர்" என்று அவள் விசாரித்த பரிசோதகரிடம் சொல்லியிருக்கிறாள். அது நான் அல்ல. என் கணவரின் சங்கம் என்பதால் கோப்பு இன்னொருவரிடம் போனது. அவர் எழுதினார்: கிழித்த ரிக்கெற் எதையும் நிரூபிக்காது. மது வேறெங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

சாட்சி எப்படி இருக்கும்? சங்கத்தின் செயற்குழு எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில்தான் கூடியது. நான் தேத்தண்ணி கொண்டு போனேன். பன்னிரண்டு பேர். கணக்காளர், வைத்தியர், வங்கிக்காரர், எல்லாரும் படித்த ஆட்கள். கார் தரிப்பிடத்தில் ஒருவரும் குடிக்கவில்லை, சோடாவும் றோல்ஸும்தான் இருந்தது, இதுதான் கதை என்று முடிவெடுத்தார்கள். நகரத்தின் இடத்தில் குடித்தோமென்று ஒத்துக்கொண்டால் சங்கத்துக்குப் பூங்கா, மைதானம் ஒன்றும் இனிக் கிடையாதாம். சிவபாலன் அண்ணையின் கோயில் பதவி போய்விடுமாம். பாடசாலையின் பெயர் கெட்டுவிடுமாம். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவர் மட்டும் கேட்டார். வைத்தியர் சொன்ன பதில்: "அவளுக்கு வேறை வேலை கிடைக்கும்." எனக்குத் தட்டை அவருடைய தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. கவிழ்க்கவில்லை. வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். இப்படி மேலே வந்து வந்துதான் எட்டு மாதம் போனது.

விசாரணைக்கு ஒரு கிழமை இருக்க, ஒரு சனிக்கிழமை காலை, ஜெகனுக்குச் சொன்னேன்.

"நான் போய்ச் சொல்லப் போறன்."

"என்னத்தை?"

"காரடியை."

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "உமக்கென்ன விசரே? பன்னிரண்டு பேர் ஒரு கதை சொல்லேக்கை நீர் மட்டும் எழும்பி நிண்டு புருசனைக் காட்டிக் குடுக்கப் போறீரோ?"

"வான் ஆரின்ரை பேரிலை கிடக்கு? என்னைத்தான் காட்டிக் குடுக்கப் போறன்."

"உம்மடை வேலை போகும் மனோ."

"அவளின்ரை வேலை போய் எட்டு மாசம். உங்களிலை ஒராளாவது அவளின்ரை பேரைச் சொல்லிக் கதைச்சனீங்களோ? அந்தப் பெட்டை, அந்தப் பெட்டை எண்டுதானே கதைச்சனீங்கள்? அவளுக்குப் பேர் தயாளினி."

அவர் பத்திரிகையைத் திரும்ப விரித்தார். அதன்பிறகு ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. அது வேறு கதை.

திங்கட்கிழமை வோல்ற்றரின் அறைக்குப் போனேன். எழுதிக் கொண்டுபோன வாக்குமூலத்தை நீட்டினேன். மெதுவாக வாசித்தார். கை பென்சிலை எடுத்தது.

"மனோ, நீங்கள் அன்றைக்குக் கடமையில் இல்லை. உங்களை யாரும் சாட்சியாகக் கூப்பிடவுமில்லை. கூப்பிடாதவர் எதற்குப் பேச வேண்டும்?"

"இரண்டு வருடத்துக்கு முதல் இதைத்தான் எழுதினேன். என்னைக்கொண்டே வெட்டச் சொன்னீர்கள்."

"நான் எதையும் வெட்டச் சொன்னதாக எனக்கு நினைவில்லை" என்றார், அதே புன்னகையோடு. "கோப்பில் அப்படி ஒன்று இருக்கிறதா?"

இல்லை. கோப்பில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த மனிதர் பொய்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருடமும் அந்தப் பென்சில் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கடதாசியை அவருடைய கையிலிருந்து இழுத்தெடுத்தேன். ஓரம் கிழிந்தது. கிழிந்த கடதாசியோடு நேரே தயாளினியின் சட்ட உதவியாளரிடம் போய்க் கொடுத்தேன்.

விசாரணையில் இருபது நிமிடம் பேசினேன். என் வான், என் டிக்கி, என் கணவர் ஊற்றியது, சிவபாலன் அண்ணை ஏறுமுன் குடித்ததை நான் கண்ணால் கண்டது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர், "மதுபானப் பரிசோதகராகிய நீங்கள் பொது இடத்தில் நடந்த சட்டமீறலைப் பார்த்துக்கொண்டு நடந்து போனீர்களா?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். பின்வரிசையில் சங்கத்தார் நாலு பேர் இருந்தார்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தயாளினி மீது குற்றம் நிரூபணமாகவில்லை. சான்றிதழ் தப்பியது. எனக்குக் கண்டனக் கடிதம் ஒன்று. வெளிவேலையிலிருந்து எடுத்து மேசைக்கு மாற்றினார்கள், ஓய்வுபெறும்வரை அங்கேதான். சிவபாலன் அண்ணை இன்னும் கோயில் அறங்காவலர். திருவிழாவில் பொய்க்காலோடு கதிரை போட்டு முன்னுக்கு இருத்துகிறார்கள். என்னைக் கண்டால் ஊர் முகத்தைத் திருப்புகிறது. திருப்பட்டும். அந்த முகங்களைப் பார்த்துத்தான் என்ன கண்டேன்? நிபந்தனை? அது உரிமத்தில் அப்படியே இருக்கிறது. தீர்ப்பில் ஒரு வரி: 'கார் தரிப்பிடம் இவ்விசாரணையின் வரம்புக்கு வெளியே உள்ளது.' உள்ளூர்க் கட்டுப்பாடு வேண்டுமென்று மேசையில் தட்டுகிறவர்கள் தங்கள் தரிப்பிடத்தையும் கட்டுப்படுத்தட்டும். கொண்டாட்டத்துக்குப் போகிற ஒருவரையாவது கூப்பிட்டு, நீங்கள் எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு விதி எழுதட்டும். மாகாணம் எழுதினாலும் சரி, நகரம் எழுதினாலும் சரி, எனக்கு ஒன்றுதான்.

இங்கே நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். இதுவரை எல்லாருக்கும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

தீர்ப்பு வந்த அன்று கட்டட வாசலில் தயாளினி எனக்காகக் காத்திருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்ல வாயை ஆயத்தப்படுத்திக்கொண்டு போனேன்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டா?" என்றாள். "அண்டைக்குப் படகு வெளிக்கிட்டு அஞ்சு நிமிசத்தில நீங்க வந்து என்னட்ட ஒரேஞ் ஜூஸ் வாங்கினீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"உங்களுக்குப் பின்னால வரிசையில அந்த அண்ணன்தான் நிண்டவர். நீங்க திரும்பி அவரப் பார்த்தீங்க. பிறகு என்னப் பார்த்தீங்க. பிறகு போயிட்டீங்க. நீங்க ஆரெண்டு எனக்கு அப்பத் தெரியாது. இப்பத் தெரியும். நான் அவர்ட்ட இதுதான் முதலாவது கிளாஸோ எண்டு கேட்டன், அவர் ஓம் எண்டவர், நான் நம்பி ஊத்தினன். நீங்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அந்த ஒண்டயும் குடுத்திருக்க மாட்டன் அக்கா. வெறியெண்டு கப்டனுக்குச் சொல்லி, இறங்கக்குள்ள ரெண்டு பேரப் பிடிக்க வச்சிருப்பன். அதுதான எங்களுக்குப் படிப்பிச்சது. அவர்ட காலும் இருந்திருக்கும்."

அவள் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் எனக்குத் தெரியும். வரிசையில் நின்றபோது சிவபாலன் அண்ணை தன் கைப்பேசியைப் பாரின் மேல் வைத்தார். அது பலகையில் முட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்டேன். தயாளினி ஜூஸை நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். ஐஸ் கூடிவிட்டது, கொஞ்சம் எடுத்துவிடுங்கள் என்று அவளுக்குச் சொன்னேன்.